கப்பல் கணக்கைத் திறந்து காட்டியவர்கள்

முதல் உலகப்போர் என்றால் நம்மூரில் எம்டன் கதை வரும். அப்புறம் பதுங்குகுழி, விஷவாயு. 1918-ல் லண்டனில் உட்கார்ந்து, எந்த நாட்டுக்கு எத்தனை கப்பல் என்று பிரித்துக்கொடுத்த நான்கு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நேச நாடுகள் வென்றதில் தளபதிகளுக்கு இருக்கும் அதே பங்கு இவர்களுக்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பெயர்தான் நேச நாடுகள். போரின் முதல் இரண்டு ஆண்டுகள் பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் ஒரே கோதுமைக்குப் போட்டி போட்டு, தாங்களே விலையை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தன. நடுநிலை நாடுகளின் கப்பல்களை வாடகைக்குப் பிடிப்பதிலும் இதே கூத்துதான். 1916 நவம்பரில்தான் புத்தி வந்து, மூன்று நாடுகளும் கோதுமை நிர்வாகக் குழு என்று ஒன்றை வைத்து, சேர்ந்து வாங்கிப் பங்கிட ஆரம்பித்தன.

அடுத்த அடி கடலில் விழுந்தது. 1917 ஏப்ரலில் மட்டும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எட்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. கோதுமையும் நிலக்கரியும் பணம் கொடுத்தால் கிடைக்கும், ஏற்றிவரத்தான் கப்பல் இல்லை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் நேச நாட்டுக் கடல் போக்குவரத்துக் கவுன்சில். மேலே அமைச்சர்கள் இருந்தாலும் அன்றாட வேலை பிரிட்டனின் ஆர்தர் சால்ட்டர், பிரான்சின் ழான் மோனே, இத்தாலியின் அட்டோலிகோ, அமெரிக்காவின் ஜார்ஜ் ரப்லீ ஆகிய நால்வர் கையில். மோனே ஒரு பிராந்தி வியாபாரியின் மகன். உடல்நலக் குறைவால் படையில் சேர முடியாதவர். அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர்கள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு இத்தாலியின் நிலக்கரி ஒன்றே போதும். பிரிட்டனிலிருந்து ஜிப்ரால்டரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய சரக்கு அது. நெடுந்தூரம், வழியெல்லாம் நீர்மூழ்கி. கணக்கை எல்லாரும் சேர்ந்து பார்த்தபோது வழி கிடைத்தது. தெற்கு பிரான்சின் சுரங்கங்களிலிருந்து இத்தாலிக்கு ரயிலில் நிலக்கரி போகட்டும், அந்தக் குறையை பிரிட்டன் குறுகிய கடல்வழியில் பிரான்சுக்கு அனுப்பி ஈடுகட்டட்டும். கப்பல் மிச்சம், ஆபத்தும் குறைவு. தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்தவரை இந்த வழி யாருக்கும் திறந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கவுன்சிலுக்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. முடிவைச் செயல்படுத்த வேண்டியது அந்தந்த நாட்டு அரசுதான். ஆனால் உன்னிடம் எத்தனை கப்பல், எவ்வளவு இறக்குமதி தேவை என்பதை மற்றவர் முன்னால் வைத்தாக வேண்டும். கூட்டறிக்கை விடுவதும் கைகுலுக்கிப் படம் எடுப்பதும் எனக்கு ஒத்துழைப்பாகத் தெரிவதில்லை. கணக்கைத் திறந்து காட்டினார்களா என்றுதான் பார்ப்பேன்.

போர் முடிந்ததும் இதைக் கலைத்தார்கள். பசியில் கிடந்த ஐரோப்பாவுக்கு உதவ இதே ஏற்பாட்டைத் தொடரலாம் என்றபோது, தன் வளத்தைப் பொதுக் கட்டுப்பாட்டில் வைக்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை. பெரிய இழப்பு அது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது, 1942-ல் வாஷிங்டனில் கூட்டு மூலப்பொருள் வாரியம், கூட்டுக் கப்பல் வாரியம், கூட்டு உணவு வாரியம் என்று மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

அந்த உணவு வாரியத்தை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அதில் இருந்தவை அமெரிக்காவும் பிரிட்டனும், பிறகு கனடாவும். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து தானியம் கேட்டுப் போன கோரிக்கைகளை லண்டனின் போர்க்கால அமைச்சரவை மறுத்தது அல்லது வெட்டிக் குறைத்தது. சொன்ன காரணம், கப்பல் இல்லை. 1944 ஏப்ரல் கடைசியில்தான் ஆஸ்திரேலியக் கோதுமையை ஏற்றிவரச் சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் கேட்டார். ராணுவத் தேவையைக் காட்டி ரூஸ்வெல்ட் ஜூனில் கைவிரித்துவிட்டார்.

இந்த வாரியங்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வங்காளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். நானும் புகழ்கிறவன்தான், அதனால்தான் சொல்கிறேன். அந்தப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். உணவைப் பங்கிட்ட அந்த மேசையில் இந்தியாவுக்கு ஒரு நாற்காலி போடவில்லை.