முதலில் மீட்டர், சக்கரம் பிறகு

ஞாயிற்றுக்கிழமை தோவாளை டீக்கடையில் நம் சைக்கிள் குழு கூடியபோது நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும்; இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். மிதிக்கும் உழைப்பை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் வாங்குவதா, புதுச் சக்கரம் வாங்குவதா என்று குழுவில் ஒரு பையன் கேட்டான்; பேச்சு அதைப் பற்றித்தான். "மீட்டர் பார்த்துத்தான் மிதிப்பேன் என்றால் மின்வாரியத்தில் வேலைக்குச் சேர வேண்டியதுதானே" என்ற நகைச்சுவைக்கு நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பையன் 50 மில்லிமீட்டர் உயர ரிம் (சக்கர வளையம்) கொண்ட கார்பன் வீல்செட்டுக்கு, அதாவது முன்பின் இரண்டு சக்கரத்துக்கும், முன்பணம் அனுப்பிவிட்டானே, அதற்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டது என்ன? "அண்ணாச்சி, பயிற்சிக்கு வைத்திருக்கும் சைக்கிளில் கொஞ்சம் பணம் போடலாம் என்று இருக்கிறேன். பவர் மீட்டரா, வீல்செட்டா?" பயிற்சி சைக்கிளுக்கு என்று தெளிவாகத்தான் கேட்டான். அதை மட்டும் பெரியவர்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

நல்ல சக்கரம் என்ன செய்யும்? அதே வேகத்துக்குச் சில வாட்களை மிச்சப்படுத்தித் தரும். போட்டியில் அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. பயிற்சியில் வாட்டை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? அதைச் செலவழிக்கத்தானே விடியும் முன்னே எழுந்து போகிறோம்! எவ்வளவு செலவழித்தோம் என்று சொல்ல மீட்டர்தான் வேண்டும். எடை குறையுமே என்பீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ என்றால் சக்கரத்தில் குறைகிற 400 கிராம் என்பது அரை சதவீதம்கூட இல்லை. இருபது நிமிட ஏற்றத்தில் கூடிப்போனால் ஆறு விநாடி. ஆறு விநாடி முன்னதாகப் பேச்சிப்பாறை போய்ச் சேர்ந்து பையன் என்ன செய்வான், அணையைச் சுற்றிப் பார்ப்பானா?

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலுக்குப் போய்ப் பாருங்கள். கணவாய்க் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். வேகம் நாற்பது காட்டும், நாமும் பெரிய வீரர் என்று நிமிர்ந்து உட்காருவோம். மீட்டரில் 120 வாட்தான் இருக்கும். திரும்பும்போது 220 வாட் போட்டு மிதித்தாலும் வேகம் பதினெட்டைத் தாண்டாது. இதில் எது உழைப்பு, எது காற்றின் தயவு? சராசரி வேகத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் தம் காலுக்கா பயிற்சி கொடுக்கிறார், காற்றாலைக்கா? இதே சாலையில், பக்கக் காற்று அடிக்கும் நேரத்தில், லாரி ஒன்று உரசிக்கொண்டு போனால் உயரமான ரிம் ஹேண்டில்பாரை எப்படி இழுக்கும் என்று அனுபவித்தவர்களும் அன்று அந்த டீக்கடையில் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பையனோ ஒல்லிக் குச்சி.

சென்ற மழைக்காலத்தில் குலசேகரம் தாண்டி ஒரு குழியில் விழுந்து என் பின்சக்கரத்தில் ஸ்போக் முறிந்தது. 32 ஸ்போக் போட்ட அலுமினியச் சக்கரம். லேசாக ஆடினாலும் வீடு வரை கொண்டுவந்து விட்டது. வடசேரியில் கடைக்காரர் சாதாரண ஸ்டீல் ஸ்போக் ஒன்றை மாட்டிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளில் மணலும் சேறும் கடைசியில் ரிம்மைத்தான் தின்னும். ஈரத்தில் கார்பன் ரிம் எவ்வளவு தாமதமாகப் பிடிக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கக்கூடிய சக்கரம்தான் பயிற்சிக்கு.

சரி, கேள்விகள் வரும். "பெல்ஜியத்தின் சைக்கிள் சாம்பியன் எடி மெர்க்ஸ் மீட்டர் வைத்தா ஓட்டினார்?" இல்லை. 1972-ல் மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 49 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியபோது மீட்டர் இல்லை. ஜெர்மனியில் ஷோபரர் என்பவர் பவர் மீட்டர் செய்யும் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கியதே 1986-ல்தான். ஆனால் ஐயா, மெர்க்ஸிடம் உங்கள் கார்பன் ரிம்மும் இல்லையே! அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

"இதயத் துடிப்புப் பட்டை போதும்." மூச்சு முட்ட மிதிக்கத் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் துடிப்பு ஏறும், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே உழைப்புக்கே அது ஏறிக்கொண்டு போகும். போதாது. "இடது கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் கையில், இருக்கும் மீட்டர் ஒரு காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது, அது பொய்." பெருக்குகிறதுதான். இருக்கட்டும். சென்ற மாத என்னோடு இந்த மாத என்னை ஒப்பிட அது போதும். இருபது நிமிடச் சோதனையில் பையனுக்கு 210 வாட் வந்தால் அதில் 95 சதவீதம், ஏறக்குறைய 200, நீண்ட நேரம் தாங்கி மிதிக்க அவனுடைய எல்லை. இனி எந்த நாள் மெதுவாக ஓட்ட வேண்டும், எந்த நாள் உயிரை விட வேண்டும் என்பதை அவனே முடிவு செய்யலாம். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஒருவேளை அதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எவர் சக்கரம் விலை கூடுதலோ அவர் முன்னால் போக வேண்டும், அவர் நிறுத்துகிற கடையில்தான் எல்லோரும் டீ குடிக்க வேண்டும். நான் பல வருடமாகப் பழைய அலுமினியச் சக்கரத்தில்தான் வருகிறேன். கஞ்சன் என்றார்கள், சிரித்தேன். ஆனால் அன்று நான் எழுந்து போன பிறகு "மீட்டர் விற்றால் அவனுக்குக் கமிஷன் வருகிறது" என்று என்னைப் பற்றி ஒருவர் சொன்னாராமே. அவருடைய சைக்கிளுக்கு மழையில் நனைந்துகொண்டு டியூப் மாற்றிக் கொடுத்ததும் நான்தான். அதற்கு எவ்வளவு கமிஷன் வாங்கினேன் என்று அவரே குழுவில் எழுதட்டும்.

அம்மா கட்டிய சீட்டுப் பணம் அது. பையனே என்னிடம் சொன்னான். அங்கே கைதட்டிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

மக்களே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். சக்கரம் வந்ததும் பத்திரமாக எடுத்து வை, போட்டி அன்றைக்கு மாட்டு. அதுவரை பழையது போதும். மீட்டர் இருக்கும் என் இடது கிராங்கைக் கழற்றித் தருகிறேன், ஒரு மாதம் ஓட்டிப் பார். உன்னுடையதும் அதே கம்பெனி, அதே 170 மில்லிமீட்டர் நீளம்தான், பார்த்துவிட்டேன். தினமும் கிளம்பும் முன், மிதிக்காதபோது மீட்டர் ஜீரோ காட்டுகிறதா என்று சரிபார்க்க மறக்காதே. கமிஷன் எவ்வளவு என்று யாராவது கேட்டால், இன்னும் பேசி முடியவில்லை என்று சொல்லிவிடு.