செட்டிநாட்டில் புவியீர்ப்பு 100 மடங்கா?

"உலகமெங்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8. காரைக்குடியில் மட்டும் 978! நம் வீட்டுத் தூண்கள் அசையாமல் நிற்பது இதனால்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எண் சரி, அலகுதான் மாறிவிட்டது. 9.8 என்பது மீட்டர்/வினாடி² கணக்கு. 978 என்பது 'கால்' (Gal) என்ற அலகில். கலிலியோ பெயரால் வந்த அலகு அது. 1 கால் என்றால் 1 செ.மீ./வினாடி². மீட்டருக்கு மாற்ற 100-ஆல் வகுத்தால் போதும்: 9.78. இதையே மில்லிகாலில் (ஒரு Gal-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) எழுதினால் 9,78,000. அடிக்கணக்கில் சுமார் 32.1. எல்லாம் ஒரே இழுவைதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஒரு கொக்கியில் நூல் கட்டி, பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கொக்கியிலிருந்து பூட்டின் நடுவரை ஒரு மீட்டர் இருக்கட்டும். லேசாக ஆட்டிவிட்டு, போய்த் திரும்புவதை ஒன்று என எண்ணுங்கள். பத்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20 வினாடி ஆகும். ஈர்ப்பு 100 மடங்கு என்றால் இரண்டே வினாடியில் முடிந்துவிடும். 60 கிலோ ஆள் 6,000 கிலோ கனத்தை உணர்வார், எழுந்து நிற்கவே முடியாது.

சொல்லப்போனால் 1901-இல் நிர்ணயித்த திட்ட மதிப்பான 9.80665-ஐவிட நம் பக்கம் கொஞ்சம் குறைவு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். அங்கே பூமி சற்றுப் புடைத்திருக்கிறது, சுழற்சியின் விளைவும் அதிகம். துருவத்தில் 9.83.

தூண்கள் நிற்பது பர்மா தேக்காலும் ஆசாரிகளின் கைத்திறனாலும். அந்தப் பெருமையை ஒரு தப்புக் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டாம்.