வீட்டை இடித்தால் தண்டனை யாருக்கு?

நேற்று ஒரு கொலைச் செய்திக்குக் கீழே ஒருத்தர், "குடும்பத்தோட தூக்கி உள்ள வைக்கணும், வீட்டை இடிச்சுத் தரைமட்டமாக்கணும்" என்று எழுதியிருந்தார். ஏகப்பட்ட லைக். வயிற்றெரிச்சலில் எழுதியிருப்பார், சரி.

ஆனால் வீட்டை இடிப்பதையே விதியாக வைத்து நடத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. பாலஸ்தீனத்தை ஆண்டபோது வெள்ளைக்காரன் 1945இல் போட்ட அவசரகால விதிகளில் 119ஆவது. அவன் மூட்டை கட்டிப் போய்விட்டான், விதி போகவில்லை. 1967க்கு அப்புறம் ஆக்கிரமித்த பகுதிகளில் இஸ்ரேல் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. இஸ்ரேலியர்கள் மேல் தாக்குதல் நடத்திய பாலஸ்தீனன் பெரும்பாலும் அங்கேயே சுடப்பட்டிருப்பான், இல்லையென்றால் சிறையில் இருப்பான். ராணுவம் வந்து வீட்டை அளந்துகொண்டு போகும், நோட்டீஸ் வரும், அப்புறம் ஒரு ராத்திரி வெடிவைப்பார்கள். அடுக்குமாடி என்றால் அந்த ஒரு வீட்டை மட்டும் தகர்ப்பார்கள், சில இடங்களில் அறைக்குள் கான்கிரீட்டைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு வீடு எதற்கு? தெருவுக்கு வருவது அவனைப் பெற்றவளும் கட்டினவளும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும்தான்.

போரிலும் ஆக்கிரமிப்பிலும் பொதுமக்களைக் காக்கப் போட்ட 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, தான் செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, கூட்டுத் தண்டனை கூடாது என்கிறது. சொத்தை அழிப்பது பற்றிய 53ஆம் பிரிவிலாவது ராணுவத் தேவை என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், 33இல் அதுவும் கிடையாது. அதனால் இஸ்ரேல் அரசு வேறு மாதிரிப் பேசுகிறது: இது தண்டனையே இல்லையாம், அடுத்தவன் பயப்படுவதற்காகச் செய்வதாம். அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் பலமுறை இதை ஏற்றிருக்கிறது. அட, கூட்டுத் தண்டனையைத் தடுக்கிற அதே வரியில்தானே மிரட்டுவதற்காகச் செய்யும் எதுவும் கூடாது என்றும் இருக்கிறது!

பயமாவது வந்ததா? 2005இல் ராணுவம் அமைத்த குழுவே இதை நிறுத்தச் சொல்லி, நிறுத்தினார்கள். 2014இல் மறுபடி முழுவீச்சில் ஆரம்பித்தார்கள். அதே 2014இல் ஜெருசலேமில் 16 வயது பாலஸ்தீனப் பையனைக் கடத்தி எரித்துக் கொன்ற யூதர்களின் வீடுகளையும் இடியுங்கள் என்று பையனின் குடும்பம் கேட்டபோது, 2017இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இடிக்காதது சரிதான். அந்த நியாயம் ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும்?

"அப்போ ஹமாஸ் செஞ்சது சரியா?" என்று வருவார்கள். இல்லை. செய்தவனைப் பிடித்துத் தண்டியுங்கள், அவன் அம்மாவை விடுங்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் புல்டோசர் வழக்கில் இதைத்தான் சொன்னது. ஒருவர் மேல் குற்றச்சாட்டு என்பதற்காக வீட்டை இடிப்பது மொத்தக் குடும்பத்துக்கும் கூட்டுத் தண்டனை என்று.

வீட்டை இடிக்கச் சொல்லி எழுதிய அந்த ஆளிடம், "வாடகை வீடா இருந்தா?" என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "ஓனர் விசாரிச்சு விட்டிருக்கணும்."