யேல் ‘பெண்கள் மேசை’யில் பூஜ்யங்கள் 1969-இல் முடியவில்லை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டெர்லிங் நினைவு நூலகத்தின் முன் உள்ள ‘பெண்கள் மேசை’யின் படத்துடன், “1969 வரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை, கல்லிலுள்ள பூஜ்யங்களே சாட்சி” என்று பகிரப்படும் செய்தி தவறானது.

மாயா லின் வடிவமைத்து 1993-இல் நிறுவப்பட்ட இந்தக் கருங்கல் மேசையின் மேல், நடுவிலிருந்து நீர் ஊறிப் பரவ, பல்கலைக்கழகம் தோன்றிய 1701 தொடங்கி ஆண்டுதோறும் படித்த பெண்களின் எண்ணிக்கை சுருள் வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது. பூஜ்யங்கள் நீண்ட வரிசையாக வருவது உண்மைதான். ஆனால் அவை 1873-இல் 13 என்ற எண்ணோடு முடிந்துவிடுகின்றன; அதன்பின் எண்கள் வளர்ந்து 1993-இல் 4,823-ஐ எட்டுகின்றன. படத்தைப் பகிர்ந்தவர்கள் கல்லைச் சற்று உற்றுப் பார்த்திருந்தாலே போதும்.

1969 என்ற ஆண்டு கற்பனையன்று. இளங்கலைப் படிப்புக்குரிய யேல் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது அவ்வாண்டில்தான். அதற்கு நூறாண்டுக்கு முன், 1869-இல் தொடங்கிய கலைப்பள்ளி, கல்லில் எண்கள் 1873-இல்தான் தொடங்கினாலும், முதலிலிருந்தே பெண்களை ஏற்றது. ஆலிஸ் ரூஃபி ஜோர்டன் 1886-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1892-இல் முனைவர் படிப்பு பெண்களுக்குத் திறக்கப்பட்டு, 1894-இல் ஏழு பெண்கள் அப்பட்டத்தைப் பெற்றனர். கல்லூரி ஒன்றின் தேதியை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பொருத்தும்போது இவர்கள் அனைவரும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகின்றனர்.