பிள்ளைங்க பேரை முதல்ல வாசிங்க

கல்வி வளர்ச்சி நாள் விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே "அருமையான விழா", "சிறப்பான ஏற்பாடு" என்று வரிசையாக விழுகிற வாழ்த்துகளைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

எட்டாம் வகுப்போடு முடிகிற ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி நம்முடையது. அதிலிருந்து நாலு பிள்ளைகள் எட்டாவதில் தேர்வு எழுதி என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். விழாவே அவர்களுக்குத்தான். ஃப்ளெக்ஸில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? அடியில், அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே ஒரே ஒரு வரி. அதிலும் ஒரு பிள்ளைக்கு இனிஷியல் தப்பு. இப்போது ஒன்பதாவது படிக்கிற பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு புதுச் சீருடையோடு வந்த பிள்ளைகளை மூன்று மணிக்கு உட்கார வைத்தார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவர்களைக் கூப்பிடும்போது ஆறரை. அம்மாமார் பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

பிள்ளைகள் பெயரை முதலில் வாசியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்தத் தேர்வு என்னவென்று தெரியாமலேயே மேடையில் பலர் பேசினார்கள். இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தமிழ்நாடு முழுவதுக்கும் சேர்த்து 6,695 இடம். தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. மாவட்ட ஒதுக்கீட்டிலும் இடஒதுக்கீட்டிலும் வரிசை எண் எட்ட வேண்டும். பாடம் தெரிந்த பிள்ளைகூட ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டத்தை நிரப்புகிற விடைத்தாளில், தோற்கும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்கான விடையை அந்த வரிசையில் நிரப்பினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போய்விடும். இதற்காகவே டீச்சர்கள் ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் போட்டு, பத்துக் கேள்விக்கு ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினார்கள். பள்ளி விட்ட பிறகு, சம்பளத்தில் சேராத நேரத்தில். அந்த டீச்சர்கள் பெயரும் மேடையில் வரவில்லை.

கலாம் ஐயா ராமேஸ்வரத்தில் படித்ததும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் என்று பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், நமக்கெல்லாம் பெருமைதான். அதே மாதிரிப் பள்ளியில் படித்துத் தேறிய நாலு பேர் அவர்களுக்கு எதிரிலேயே தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்களே, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என்பதுதான் வலிக்கிறது.

"பெரியவர்களை மதிக்க வேண்டாமா, கொடுத்தவர்களைக் கௌரவிக்காவிட்டால் நாளைக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பள்ளிக்கு அதிகம் கொடுத்தவர்கள் யார்? ஊரே சேர்ந்து பள்ளிக்குப் பொருள் கொடுக்கிற கல்விச் சீர் கொண்டுவந்த அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். மேளத்தோடு தெருத் தெருவாக வந்து பீரோ, மின்விசிறி, பாய், தண்ணீர்க் குடம், நோட்டு என்று தலையில் சுமந்து இறக்கியது யார்? மீன் விற்கிற, கடல்பாசி எடுக்கிற பெண்கள். அவர்களில் ஒருவர்கூடப் பொன்னாடை கேட்கவில்லை. மேடைக்கு எதிரே நாற்காலிகூட இல்லாமல் நின்றார்கள்.

"தலைமையாசிரியரைக் குறை சொல்கிறீர்களா?" இல்லை. நடுநிலைப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். விழாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன்.

"ஒரு இனிஷியலுக்கு இவ்வளவு சத்தமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய், வருஷத்துக்கு 12,000, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மொத்தம் 48,000. தேர்வானதும் இது தானாக வந்து விழாது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தேர்வுப் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தொல்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே தடவைதான் மாற்றலாம். அவசரத்தில் இ-சேவையில் தப்பாகத் திருத்திவிட்டால் ஒரு வாய்ப்புப் போச்சு. முதலில் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரைப் பாருங்கள், மற்றதை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஆதாரை வைத்துப் பார்க்கிற என்.பி.சி.ஐ.யில் அந்தக் கணக்கு இணைந்திருப்பது வேறு. இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்குத்தான் பணம் போகும். அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிப் போகலாம்.

ஓ.டி.பி. விஷயம் கடற்கரைக்காரர்களுக்கே உரியது. ஆதாரில் இருப்பது பெரும்பாலும் அப்பா நம்பர். அப்பா படகில் போயிருப்பார். நடுக்கடலில் சிக்னல் ஏது? இங்கே கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும், பத்து நிமிடத்தில் ஓ.டி.பி. காலாவதியாகும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கைரேகை வைக்கலாம் என்றால், துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்த்துப் பிய்த்து அவர்கள் விரலில் ரேகையே மங்கிக் கிடக்கிறது. கருவி நாலு தடவை சிவப்பு காட்டும். அந்தக் கை பெற்ற பிள்ளையின் பெயரைத்தான் அன்றைக்குத் தப்பாக அச்சடித்தீர்கள், கடைசியாக வாசித்தீர்கள்.

இன்னொன்று. எட்டு முடித்த பிள்ளை இப்போது வேறு பள்ளியின் கணக்கில் இருக்கிறது. பழைய பள்ளிக்கு அதிகாரம் இல்லை, புதுப் பள்ளிக்கு இந்தப் பிள்ளை தேர்வான செய்தியே தெரியாது. விண்ணப்பத்தைப் புதுப் பள்ளிதான் முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு மாவட்டம். தேதி தாண்டிவிட்டால் அந்த வருஷத்துப் பணம் கிடைக்காது. உதவித்தொகை கிடைத்ததே என்று மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். தனியார் பள்ளிக்குப் போனால் இந்தத் தொகை நின்றுபோகும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடும். பெண் பிள்ளை என்றால், கல்லூரியில் படிக்கும்போது உதவித்தொகை தருகிற புதுமைப்பெண் திட்டமும் கூடவே போகும்.

ஒன்பதாவது படிக்க ஏழு எட்டு கிலோமீட்டர் போக வேண்டிய ஊர் இது. பையன்கள் வலை பிடிக்கப் போவதும் பெண் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவதும் இந்த ஒரு வருஷத்தில்தான். அந்த வருஷத்தில் ஒரு பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்திப் பெயரைச் சரியாகச் சொல்லி, "இது நம்ம பிள்ளை" என்று கைதட்டினால் அது எத்தனை தூரம் தாங்கும் தெரியுமா? கலைத்திருவிழாவில் வட்டார அளவில் பரிசு வாங்கிய கிராமிய நடனக் குழுவை நேரமில்லை என்று கூப்பிடவே இல்லை. சலங்கையைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்ற அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

நாலு பேரில் மூன்று பேருக்கு இன்னும் உதவித்தொகை இணையதளத்தில் ஓ.டி.ஆர். என்கிற ஒருமுறைப் பதிவு போடவில்லை. படகு கரைக்கு வருகிற அன்று அப்பாவின் போன், பிள்ளையின் ஆதார், பாஸ்புக், எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் நான்கையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வாருங்கள். முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும், பிள்ளை இல்லாமல் முடியாது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரிடம் நான் பேசிவிட்டேன்.