நீதிபதி ரைட்டை அந்த இரண்டு நாளை வைத்து மட்டும் எடை போடாதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பின நீதிபதியாக இருந்த ஜோனதன் ஜாஸ்பர் ரைட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பலரும் நேராக 1877-க்குப் போய்விடுகிறார்கள். தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கியவர், குடிகாரர், பதவியை விட்டு ஓடியவர். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

பென்சில்வேனியாவில் 1840-ல் பிறந்தவர். 1866-ல் அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின வக்கீல். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தென் கரோலினாவின் போஃபோர்ட்டுக்குப் போய், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்குப் பள்ளிக்கூட வேலை, அப்புறம் சட்ட ஆலோசனை. 1868-ல் மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுதிய அவையில் இருந்தார். அதே ஆண்டு மாநில செனட்டரும் ஆனார். 1870-ல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அதுவரை ஒரு கறுப்பினத்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்போது அவருக்கு முப்பதைத் தொடுகிற வயது.

சரி, அந்த இரண்டு நாளுக்கு வருவோம். 1876 ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் சேம்பர்லினும் ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டனும் ஆளாளுக்கு 'நான்தான் ஆளுநர்' என்கிறார்கள். ஹாம்ப்டனுக்காகச் 'செஞ்சட்டைக்காரர்கள்' என்ற வெள்ளையர் ஆயுதக் குழுவினர் துப்பாக்கியோடு ஊர் ஊராகத் திரிந்த காலம். ஹாம்ப்டன் ஒரு கைதியை மன்னித்து உத்தரவு போடுகிறார். சிறை அதிகாரி விடுவிக்க மறுக்கிறார். யார் ஆளுநர் என்ற கேள்வியே இப்படி நீதிமன்றத்துக்கு வந்துவிடுகிறது. தலைமை நீதிபதி மோசஸ் படுத்த படுக்கை. மிச்சம் இருந்தது நீதிபதிகள் வில்லர்டும் ரைட்டும்தான். 1877 பிப்ரவரி 27 அன்று ஹாம்ப்டனுக்குச் சாதகமான உத்தரவில் ரைட் கையெழுத்திடுகிறார். இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெறுகிறார்.

தடுமாறினார், உண்மைதான். ஆனால் எவ்வளவு பாரம் அந்த ஒற்றைக் கையெழுத்தின் மேல்! ஏப்ரலில், சேம்பர்லினுக்குத் துணையாக நின்ற மத்தியப் படை சட்டமன்றத்தை விட்டு விலகியது, ஹாம்ப்டன் ஆளுநரானார். ஹாம்ப்டன் பக்கம் நின்ற வில்லர்டுக்குத் தலைமை நீதிபதி பதவி. ரைட்டுக்குக் குடிப்பழக்கக் குற்றச்சாட்டும் பதவி நீக்க முயற்சியும். ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். ஜெயித்த கட்சி சுமத்திய பழியை இன்றைக்கும் நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமா?

அதன்பிறகும் அவர் ஓயவில்லை. வக்கீல் தொழிலோடு, ஆரஞ்ச்பர்க்கின் கிளாஃப்ளின் கல்லூரியில் கறுப்பின இளைஞர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். காசநோய் 1885-ல் அவரைக் கொண்டுபோனது, வயது 45. அதே நீதிமன்றத்துக்கு அடுத்த கறுப்பின நீதிபதியாக எர்னஸ்ட் ஃபின்னி வந்தது 1985-ல்.