பழைய ஸ்டாக்கா புது ஸ்டாக்கா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கய்யா!

டயர் கடைக்காரர்கிட்ட டயரோட வயசைக் கேட்டா, "இப்பத்தான் சார் லோடு இறங்குச்சு, ஃப்ரெஷ் பீஸ்." வரி குறைஞ்சும் விலை ஏன் குறையலன்னு கேட்டா, "அது பழைய ஸ்டாக் சார், பழைய ரேட்டுதான்." டயர் ஒண்ணுதான். வாயும் ஒண்ணுதான். இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல அந்த மனுஷன் காதுல சொருகியிருந்த பென்சிலைக்கூட எடுக்கல.

ஸ்ப்ளெண்டர் வெச்சிருக்கவங்களுக்கு பின் டயர் கதையை நான் சொல்லணுமா? முன் டயர் மகராசன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். இஞ்சின் இழுக்கிறது, நம்ம எடை, தண்ணி கேன், அரிசி மூட்டை, மச்சான், மச்சானோட பேக்குன்னு எல்லாத்தையும் தாங்குறது பின்னாடி இருக்கிறதுதான். அது நடுவுல மொட்டையாகி ஓரத்துல மட்டும் பட்டன் மிச்சம் வெச்சிருக்கும். டயர் பக்கவாட்டுல டிடபிள்யூஐ-ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, இல்லன்னா ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். அதுக்கு நேரா, பட்டனுக்கு நடுவுல இருக்கிற காடிக்குள்ள ஒரு சின்ன மேடு. பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயருக்குக் காரியம் பண்ணிடலாம். நம்மளுது சமமாகிக் கொஞ்ச காலமாச்சு. மழை பெஞ்ச அன்னிக்கு மெட்ரோ வேலைக்குப் போட்டிருக்கிற இரும்புத் தகடு மேல ஏறினா, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சரி, மாத்திடலாம்னு வாயைத் திறந்தேனோ இல்லையோ, ஊர்ல இருக்கிறவன் எல்லாம் டயர் எக்ஸ்பர்ட். ஆபீஸ்ல ஒருத்தன், "90/90 போடு, பின்னாடி கெத்தா இருக்கும்"னான். டேய், வண்டிக்கு உள்ளது 80/100-18. 80 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்துல நூறு சதவீதம் உயரம், 18 இஞ்ச் ரிம். நீ சொல்ற 90/90-ல உயரம் 81 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதேதான். அகலம் மட்டும் பத்து மில்லிமீட்டர் கூடுது. குறுகலான ரிம்முல அகல டயரைத் திணிச்சா அது பிதுங்கி உருண்டையா நிக்கும். ரோட்டுல படுற இடம் நீ நினைக்கிற அளவுக்கு ஒண்ணும் கூடாது, மைலேஜ்தான் குறையும். இவன் ஆறு மாசமா இண்டிகேட்டர் எரியாத வண்டி ஓட்டுறவன். எனக்குக் கெத்து சொல்லிக் குடுக்கிறான்.

கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த ஏரியான்னு கேக்காதீங்க. உங்க தெருமுனையில இருக்கிற கடைதான்னு வெச்சுக்கோங்க, பெரிய வித்தியாசம் இருக்காது. வாசல்ல கம்பி கட்டி, ஐயனாருக்கு மாலை போட்ட மாதிரி டயரை வரிசையா வெயில்ல தொங்க விட்டிருக்காங்க. ரப்பருக்கு வெயில் ஆகாது, இருட்டுல குளிர்ச்சியா வைக்கணும்னு டயர் பண்றவனே சொல்றான். இங்க சித்திரை வெயிலைக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் காட்டி வளர்க்கிறாங்க.

"ஸ்ப்ளெண்டர் பேக் டயர் வேணும்ணே." வந்துச்சு ஒண்ணு. பார்த்தா 47பி. "அண்ணே, இது முன்னாடிக்கு. பின்னாடிக்கு 54பி வேணும்." "ரெண்டும் 80/100-18தான சார்?" ஆமாண்ணே, அளவு ஒண்ணுதான், சுமக்கிற எடை வேற. 47-ன்னா 175 கிலோ, 54-ன்னா 212 கிலோ. நடுவுல 37 கிலோ, அதாவது என் பொண்ணும் அவ ஸ்கூல் பேக்கும். இதை நான் சொன்னதும் அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, ஏதோ நான் கடையை ரெய்டு பண்ண வந்த ஆபீசருன்னு நினைச்சுட்டாரு போல. "டேய், சாருக்கு வேற எடுத்துட்டு வாடா."

வேற வந்துச்சு. 54பி. சந்தோஷம். "எப்ப செஞ்சதுண்ணே?" அப்பத்தான் அந்த "ஃப்ரெஷ் பீஸ்". அதுக்கு ஆதாரமும் காட்டினாரு. டயர் மேல முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்குமே ரப்பர் முடி, அதைத் தடவிக்கிட்டே, "முடி பாருங்க சார், ஒண்ணுகூட உதிரல. புத்தம்புதுசு." அது அச்சுல வார்க்கும்போது காத்து வெளியேறுற ஓட்டை வழியா ரப்பர் பிதுங்கி வர்றது. ஓட்டாம பரண்ல போட்டு வெச்சா என் பேரன் காலத்துலயும் அந்த முடி அப்படியே இருக்கும். முடியை வெச்சு வயசு சொல்றதா இருந்தா என் மாமனாருக்கு இன்னும் பொறக்கவே நேரம் வரல.

தேதி எங்க இருக்கும்னு நமக்குத் தெரியும். பக்கவாட்டுல டிஓடி-ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசியில, முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். தேடுறேன், காணோம். சுத்திச் சுத்திப் பார்த்தா, அந்தக் கட்டத்து மேல கணக்கா, ஒரு இம்மி விலகாம, ரேட் ஸ்டிக்கர். அவ்வளவு பெரிய டயர். ஸ்டிக்கர் ஒட்ட வேற இடமே கிடைக்கல பாவம். நகத்தால சுரண்டினேன். "சார் சார், ஸ்டிக்கரைக் கிழிக்காதீங்க." கட்டை விரல்ல எச்சில் தொட்டு மீதிப் பசையைத் தேய்ச்சேன். 1423. அதாவது 2023-ல 14-வது வாரம். ஏப்ரல் மாசம்.

"அண்ணே, இது 2023."

"அது பேட்ச் நம்பர் சார்."

"வாரமும் வருஷமும்ணே."

"அப்படின்னா 23-ஆம் தேதின்னு வெச்சுக்கோங்க."

எதுக்குண்ணே நான் வெச்சுக்கணும்?

இதுக்குள்ள அந்தக் கடைப் பையன் என்ன பண்ணியிருக்கான்? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழட்டி, பழைய டயரை ரிம்முல இருந்து பிரிச்சே எடுத்துட்டான். நான் சரின்னே சொல்லல. நாம வேற கடைக்குப் போகணும்னா மூணு கால்ல நிக்கிற வண்டியைத் தோள்ல தூக்கிட்டுப் போகணும். எல்லாக் கடையிலயும் இதுதான் நடக்குது, முதல்ல கழட்டிடுறாங்க, அப்புறம்தான் பேச்சு.

சரி, விலைக்கு வந்தேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு. அடக்க விலை 1,500 ரூபாய்னு வெச்சா, முன்ன வரியோட 1,920, இப்ப 1,770. நூத்தம்பது ரூபாய் எங்கண்ணே? அப்ப வந்துச்சு அந்த "பழைய ஸ்டாக்".

"இப்பத்தானே ஃப்ரெஷ்னு சொன்னீங்க?"

அதுக்கு அவரு சொன்ன பதிலை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

"டேட்டுக்கு ஃப்ரெஷ் சார். ரேட்டுக்குப் பழசு."

நான் ஒத்தக் கால்ல நின்னேன். பையன் பரண் மேல ஏறி இன்னொண்ணு எடுத்துட்டு வந்தான். 2725. 2025 ஜூலை வாக்குல செஞ்சது. ஆக, இருந்திருக்கு! இத்தனை நேரம் தலைக்கு மேலயே இருந்திருக்கு! "இது குடுங்கண்ணே"ன்னா, "இது நூறு ரூபாய் கூட சார், புது ஸ்டாக்கு, கம்பெனியில ஏத்திட்டாங்க." பழசுக்குப் பழைய வரி, புதுசுக்குப் புது விலை. வரியைக் குறைச்ச அரசாங்கத்துக்குக்கூட இந்தக் கணக்கு வராது.

இந்தக் கொடுமை எந்த ஊர்ல நடக்குதுன்னு பாருங்க. சென்னையைச் சுத்தி டயர் ஃபேக்டரியா நிக்குது. திருவொற்றியூர்ல 1946-ல பலூன் பண்ண ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னாடி எம்ஆர்எஃப். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அரக்கோணம்னு எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் வாசனை. கப்பல்ல ஏறி எந்தெந்த நாட்டுக்கோ போகுது. ஒரகடத்துல இருந்து எங்க தெருவுக்கு வர மட்டும் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்போல.

வேற வழியில்லாம அந்த 2725-ஐயே மாட்டச் சொன்னேன். ஃபிட்டிங் தனிக் காவியம். டயர் பக்கவாட்டுல அம்புக்குறி போட்டிருக்கு, எந்தப் பக்கம் சுத்தணும்னு. பையன் தலைகீழா மாட்டிட்டான். சொன்னேன். "ரெண்டு பக்கமும் ரவுண்டுதான் சார்." ஓனர் பென்சிலோட வந்து எட்டிப் பார்த்துட்டு, "அது மழைத் தண்ணியைத் தள்றதுக்கு சார், இப்ப வெயில்தான?"ன்னாரு. அப்ப மழை வந்தா வந்து திருப்பி மாட்டிக் குடுப்பீங்களா? முணுமுணுத்துக்கிட்டே கழட்டினான். இரும்புப் பட்டையை விட்டு நெம்பும்போது அலாய் ரிம்முல வெள்ளையா ஒரு கீறல். கேட்டா, "அது முன்னயே இருந்துச்சு." அப்புறம் ஒரு டியூபைத் தூக்கிட்டு வர்றான். "டியூப்லெஸ்ஸுப்பா!" "உள்ள டியூப் போட்டுக்கோங்க சார், சேஃப்டி." ஆணி குத்தினா காத்து மெதுவா இறங்கணும்னுதான்டா டியூப்லெஸ் வாங்குறோம். அதுக்குள்ள டியூபைப் போட்டா எதுக்குடா அந்தக் காசு?

சோப்புத் தண்ணி தடவி, கம்ப்ரஸர்ல காத்து விட்டான். டப், டப்னு ரெண்டு சத்தம், டயர் ரிம்முல உக்காந்துருச்சு. மீட்டர்ல 45 காட்டுது. உக்கார வைக்க அவ்வளவு விடுறது சரி. அப்புறம் இறக்கணும்ல? தனியா ஓட்டுறவனுக்கு மேனுவல்ல போட்டிருக்கிறது 28. "இறக்குப்பா."

"இருக்கட்டும் சார், எப்படியும் குறையும்."

செயினை இறுக்குற இடத்துல ரெண்டு பக்கமும் இருக்கிற கோடு சமமா வரல, அதையும் நானே குனிஞ்சு பார்த்துச் சொன்னேன். பிரேக் ராடு நட்டையும் நானே திருகினேன். லேபர் சார்ஜ் மட்டும் அவங்க வாங்கிக்கிட்டாங்க.

கடைசியா, "பில் குடுங்கண்ணே." நாளைக்கு டயர் பக்கத்துல புடைச்சுக்கிட்டு வந்தா வாரண்டிக்கு அது வேணும்ல?

"பில் வேணும்னா ஜிஎஸ்டி தனியா வரும் சார்."

ஐயா! இவ்வளவு நேரம் நாம பழைய ஜிஎஸ்டியா புது ஜிஎஸ்டியான்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தமே, அது யாரோட ஜிஎஸ்டி? கட்டாத வரியில பழசென்ன, புதுசென்ன? எனக்குக் கோவம் வரல, சிரிப்பு வந்துடுச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன், அவரும் சேர்ந்து சிரிக்கிறாரு, "சார் ஜாலி டைப்பு"ங்கிறாரு. தினசரி காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு, கடைசியா அந்தப் பென்சிலை எடுத்து, பின்னாடி "டயர் 1" அப்படின்னு எழுதி, தொகையைப் போட்டு, ஒரு கிறுக்கல் வெச்சுக் குடுத்தாரு. திருப்பிப் பார்த்தா ராசிபலன். எனக்குப் போட்டிருந்தது: பொறுமை.

மீதிச் சில்லறை எப்படிக் குடுத்தாருன்னு நினைக்கிறீங்க? எல்லாம் பத்து ரூபாய் காயின். நேரா எதிர்ல இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு காயினை நீட்டினா, "செல்லாது சார்." அப்ப இருந்த பதினாலு டிசைனுமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-லயே சொல்லியாச்சு. அதையும் சொன்னேன்.

"அவங்க சொல்லுவாங்க சார். அவங்களா வந்து இங்க டீ குடிக்கிறாங்க?"